மாணாக்கர் சங்கமும் திறந்த வாயிலும்

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணாக்கன் ஒருவன் முதன்முதல் அதன் வாயிலிலே கால்வைக்கும் நாளில், அவன்பொருட்டு இரண்டு பதிவேடுகள் திறக்கப்படுகின்றன. ஒன்று அலுவலகத்துப் பதிவேடு. அதில் அவனுடைய பெயரும் அவன் பயில இருக்கும் பாடங்களும் எழுதப்படும். மற்றையது எழுதாப் பதிவேடு. அதனை வைத்திருப்போர் சிரேட்ட மாணாக்கர். எந்த மொழி, எந்த ஊர், எந்தப் பாடசாலை என்னும் மூன்று வினாக்களுக்கு அவன் விடை கூறியவுடனே, யாரோடு உண்பான், யாரோடு உறைவான், எந்தச் சங்கத்துக்கு உறுப்பினனாவான் என்பன யாவும் முடிவாகிவிடுகின்றன. அம்முடிவிலே அவனுக்குப் பங்கு ஏதும் இல்லை. மூன்றாண்டோ நான்காண்டோ கழிந்தபின், ஒரே கூரையின்கீழ்த் தன்னோடு பயின்ற வேற்றின மாணாக்கன் ஒருவனுடைய வீட்டு வாயிலையேனும் மிதித்தறியாதவனாய் அவன் பட்டம்பெற்று வெளிவருதல் இந்நாட்டிலே வியப்புக்குரிய செய்தியன்று.

இந்நிலை குறித்து இருவேறு கருத்துக்கள் நம்மிடையே வழங்குகின்றன. மொழியாலும் சமயத்தாலும் பெயர்பூண்ட மாணாக்கர் சங்கங்களே பிரிவினைக்கு வித்து. ஆதலால் அவற்றைக் கலைத்துவிடுதல் வேண்டும் என்பர் ஒருசாரார். அச்சங்கங்கள் இல்லையாயின் சிறுபான்மையினத்து மாணாக்கனுக்கு ஒதுங்க நிழலும் இல்லை என்பர் மற்றொரு சாரார். முன்னையோர் சங்கத்தைக் காண்கின்றனர். அது தோன்றிய காரணத்தைக் காண்கிலர். பின்னையோர் காரணத்தைக் காண்கின்றனர். நிழலுக்கென எழுப்பிய பந்தல் நாளடைவில் மதிலானதைக் காண்கிலர். சங்கங்கள் இருத்தல் வேண்டும். அவற்றின் வாயில்கள் திறந்திருத்தல் வேண்டும். நுழைவது யார் என்பதை நுழைபவனே தெரிந்துகொள்ளுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையாளன் கருத்து.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கல்லூரிகளிலே கிரேக்க எழுத்துக்களாற் பெயர்பெற்ற மாணவர் சகோதரக் கழகங்களும் மாணவியர் சகோதரிக் கழகங்களும் நெடுங்காலமாக உள்ளன. ஒரே இல்லத்தில் உறைதல், ஒரே பந்தியில் உண்ணுதல், பட்டம்பெற்ற பின்னரும் ஒருவர்க்கொருவர் தொழிலிலும் வாழ்விலும் கைகொடுத்தல் என்பன அவற்றின் வழக்கம். புதியவரைச் சேர்ப்பதோ பழையவர்தம் விருப்பம். இவ்விருப்பத்தின் மறைவிலே நிறவேற்றுமை பல்லாண்டு இனிது வாழ்ந்தது. 1948ஆம் ஆண்டிலே அம்ஹேர்ஸ்ட் கல்லூரியில் இருந்த ஒரு கழகக் கிளை, கறுப்பின மாணவன் ஒருவனை உறுப்பினனாக ஏற்றது. அக்குற்றத்துக்காக அதன் மைய அமைப்பு அக்கிளையைத் தன்னிலிருந்து நீக்கியது. இளைஞர் மனம் திறந்திருந்தது. முதியோர் வைத்திருந்த திறப்பு வேறாயிருந்தது.

அலபாமாப் பல்கலைக்கழகத்தின் கதை இதனினும் தெளிவானது. கறுப்பின மாணாக்கர் இருவர் 1963ஆம் ஆண்டிலே அங்கே புகுந்தபோது, அந்நாட்டு மாகாண ஆளுநரே வாயிலில் நின்று தடுத்தார். மத்திய அரசின் படையினர் வந்தபின்னரே அவர் விலகினார். சட்டம் அவ்வாறு வாயிலைத் திறந்துவிட்டது. ஆயினும் வெள்ளையரின் மாணவியர் கழகங்கள் அதன்பின்னரும் பெரும்பாலும் வெள்ளையருக்கே உரியனவாய் நின்றன. சரியாக ஐம்பதாண்டு கழித்து, 2013ஆம் ஆண்டிலே, தகுதிமிக்க கறுப்பின மாணவியைச் சேர்க்க இளம் உறுப்பினர் விரும்பியும் கழகத்தின் பழைய மாணவியர் குறுக்கிட்டனர் என்று அப்பல்கலைக்கழகத்து மாணாக்கர் பத்திரிகையே வெளிப்படுத்திற்று. நாடெங்கும் அது பேச்சாயிற்று. பல்கலைக்கழகத் தலைவர் கழகங்களின் சேர்ப்பினை மீளத் திறக்கும்படி ஆணையிட்டார். அதன்பின்னரே கறுப்பின மாணவியர் சிலர் அக்கழகங்களிலே இடம்பெற்றனர். அரசின் சட்டத்தினாலே திறக்க முடிந்தது வெளிவாயில் ஒன்றே. உள்வாயிலைத் திறக்க அரைநூற்றாண்டு தேவைப்பட்டது.

அதே அமெரிக்காவிலே வேறொரு வகைக் கழகமும் உண்டு. 1906ஆம் ஆண்டிலே கோர்னெல் பல்கலைக்கழகத்திற் பயின்ற கறுப்பின மாணவர் எழுவர் அல்பா பை அல்பா என்னும் சகோதரக் கழகத்தை நிறுவினர். வெள்ளையர் கழகங்கள் அவர்களை ஏற்கவில்லை. படிப்பிலும் உறையுளிலும் துணையின்றித் தவித்தவர் தமக்குத் தாமே துணையாயினர். கறுப்பினத்தவர் உயர்கல்விக்குப் பேர்போன வாஷிங்டன் நகரத்து ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் 1908ஆம் ஆண்டிலே அல்பா கப்பா அல்பா என்னும் மாணவியர் கழகம் எழுந்தது. பின்னர் அமெரிக்காவின் துணைத் தலைவராய் விளங்கிய கமலா ஹாரிஸ் அம்மையார், அப்பல்கலைக்கழகத்திலே பயின்ற காலத்தில் இக்கழகத்திலே சேர்ந்தவர். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் சென்னையிற் பிறந்த தமிழ்ப் பெண் என்பதை நாம் பெருமையோடு பேசுகின்றோம். அத்தாயின் மகளுக்கு அரவணைப்புத் தந்த கழகங்களுள் ஒன்று, விலக்கப்பட்டோர் தமக்கென அமைத்த கழகம் என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் தகும்.

இவ்விரு வகையினையும் ஒரே துலையில் இட்டு நிறுத்தல் நீதியாகாது. விலக்கியோர் அமைத்த கழகம் ஒன்று. விலக்கப்பட்டோர் அமைத்த கழகம் மற்றொன்று. முன்னது மதில், பின்னது பந்தல். இவ்வேறுபாட்டினை மறந்து, எல்லாச் சங்கங்களும் இனவாதச் சங்கங்களே என்று ஒரே சொல்லால் ஒதுக்குவோர், பெரும்பான்மையினர்க்குச் சங்கமே தேவைப்படாமைக்குக் காரணம் யாதென எண்ணிப்பார்த்தல் வேண்டும். பல்கலைக்கழகம் முழுவதுமே தமக்குச் சங்கமாய் அமைந்தவர்க்குத் தனிச்சங்கம் எதற்கு?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1942ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிப் பத்தாண்டிற் பேராதனைக்குப் பெயர்ந்த காலத்தில், ஆங்கிலமே போதனாமொழியாய் இருந்தது. சிங்கள மாணாக்கரும் தமிழ் மாணாக்கரும் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்ந்தனர். ஆங்கிலம் கற்கும் வாய்ப்புடைய குடும்பத்தினரே பெரும்பாலும் அங்கே இருந்தனர் என்பதனை மறைத்து அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழ்தல் பொருந்தாது. தாய்மொழிக் கல்வி ஏழை எளியோர் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தது, அது நற்செயலே. ஆயினும் 1960ஆம் ஆண்டு முதலாகக் கலைப்பீடத்திலே மொழிவழி வகுப்புக்கள் அமைந்தபோது, ஒரே பாடத்தை இருசாரார் இருவேறு அறைகளிற் கேட்கும் வழக்கமும் உடன் வந்தது. அறைகள் பிரிந்தன, பந்திகள் பிரிந்தன, சங்கங்களும் அப்பிரிவின்வழியே உறுதிபெற்றன.

1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டமும், 1971ஆம் ஆண்டிலே புகுந்த தரப்படுத்தலும் தமிழ் மாணாக்கர் உள்ளத்தை ஆழப் புண்படுத்தின. 1983ஆம் ஆண்டு மே மாதத்திலே பேராதனையில் தமிழ் மாணாக்கர் தாக்குண்டு வெளியேறினர். இரண்டு மாதம் கழித்து வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் கண்டவற்றை இங்கே விரித்தெழுத வேண்டியதில்லை. இத்தகைய வரலாற்றின் பின்னே, கொழும்பிலோ உருகுணையிலோ சபரகமுவாவிலோ பயிலப் போகும் தமிழ்ப் பிள்ளையின் பெற்றோர், நம்மவர் அங்கே யார் இருக்கின்றனர் என்று முதலிற் கேட்பாராயின், அவ்வினாவை இனப்பற்று என்றோ குறுகிய மனம் என்றோ இகழ்தல் இரக்கமற்ற செயல். அச்சம் கற்பித்த பாடம் அது. தமிழ்ச் சங்கமும் இந்து மாணவர் சங்கமும் முஸ்லிம் மஜ்லிசும் அத்தகைய பிள்ளைகளுக்குப் பந்தலாய் நின்றன, இன்றும் நிற்கின்றன.

ஆனால் இந்நாட்டிலே சிறுபான்மையினர் யார் என்பது புகையிரத நிலையத்துக்கு நிலையம் மாறும் செய்தி. 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குச் சிங்கள மாணாக்கர் பெருந்தொகையினராய் வரலாயினர். காலியிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் அங்கே சென்ற பிள்ளை, மொழி அறியாத ஊரிலே நம் பிள்ளை உருகுணையில் நின்ற அதே நிலையில் நிற்கின்றது. 2016ஆம் ஆண்டு யூலை 16ஆம் நாளன்று, அங்கு விஞ்ஞானபீடத்துப் புதுமுக மாணாக்கர் வரவேற்பிலே கண்டிய நடனம் இடம்பெறலாமோ என்பது பற்றி எழுந்த பூசல் கைகலப்பாய் முற்றிற்று, பலர் காயமுற்றனர், பல்கலைக்கழகம் மூடப்பட்டது. நாதசுரமும் தவிலும் தமிழர் பண்பாட்டின் அடையாளம் என்பதில் ஐயமில்லை. அவற்றோடு கண்டி மத்தளமும் ஒருபொழுது ஒலித்திருப்பின் தவிலின் நாதம் குறைந்திருக்குமோ? வரவேற்பு என்பது வருபவனைக் குறித்து நிகழ்வது. வரவேற்போர் தம் உரிமையை நாட்டும் அரங்காக அது மாறின், வந்தவன் தான் விருந்தினனா வழக்காளியா என்று மயங்குவான். பேராதனையில் நாம் வேண்டிய திறந்த வாயிலை யாழ்ப்பாணத்தில் நாம் அளித்தோமா என்னும் வினாவுக்கு நாமே விடைகூறல் வேண்டும்.

தமிழ்பேசுவோர் எல்லோர்க்கும் நம் சங்கங்களின் வாயில் திறந்திருக்கின்றதா என்பதும் வினாவே. மலையகத் தோட்டங்களில் இருந்த பாடசாலைகள் 1970களிலேதான் அரசின் பொறுப்புக்கு வந்தன. அவற்றிலே பயின்று, எத்தனையோ இடர்களைக் கடந்து பல்கலைக்கழகம் புகும் பிள்ளையைத் தோட்டக்காட்டான் என்னும் சொல்லால் அழைக்கும் நாக்கு தமிழ் நாக்கே. தாய்மொழி தமிழாய் இருந்தும் முஸ்லிம் மாணாக்கர் பலர் தமிழ்ச் சங்கத்தை அயலார் வீடாகக் கருதி விலகி நிற்கின்றனர். இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் எனப் போற்றப்படும் 'அசன்பேயுடைய கதை'யை 1885ஆம் ஆண்டிலே வெளியிட்டவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை என்பதை வகுப்பறையிலே கற்பிக்கின்றோம். அவர் வழிவந்த பிள்ளைக்குச் சங்கத்தின் செயற்குழுவிலே நாற்காலி உண்டா என்று கேட்கின்றோமில்லை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டதன் நினைவு அப்பிள்ளையின் வீட்டிலும் உண்டு. அச்சம் கற்பித்த பாடம் நம் வீட்டுக்கு மட்டும் உரியதன்று.

சாதி என்னும் பழைய மதிலும் முற்றாக இடிந்துவிடவில்லை. சேரன்மாதேவிக் குருகுலத்திலே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி இட்ட செய்தி 1925ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டையே உலுக்கிற்று. தேசப்பற்றிற் சிறந்த வ. வே. சு. ஐயர் நடத்திய நிறுவனம் அது. நாட்டு விடுதலைக்கு நெஞ்சு திறந்தவரும் உணவுப் பந்தியிலே வாயிலை அடைக்க இயலும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டா. அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலே மாணாக்கர் தாமே வேறொரு வழியைக் காட்டினர். ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் 1924ஆம் ஆண்டிலே தொடங்கிய மாணவர் காங்கிரசு, பின்னர் வாலிபர் காங்கிரசாய் வளர்ந்தது. தீண்டாமையை ஒழித்தலை அது தன் கொள்கையாய்க் கொண்டது. சிங்கள அறிஞரையும் தலைவரையும் தன் மேடைக்கு அழைத்தது. 1927ஆம் ஆண்டிலே காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவேற்றது. அதன் அரசியல் முடிவுகள் யாவும் சரியோ தவறோ, நூறாண்டுக்கு முன்னரே நம் இளைஞர் திறந்த வாயிலோடு ஒரு சங்கத்தை நடத்தினர் என்பது வரலாறு.

சங்கம் என்னும் சொல்லையே சற்று நோக்குவோம். பௌத்தர்தம் துறவியர் கூட்டத்துக்கும் அதுவே பெயர். தமிழ்ப் புலவர்தம் அவைக்கும் அதுவே பெயர். இந்நாட்டிலே சிங்களவரும் தமிழரும் தத்தம் உயர்ந்தோர் அவையை ஒரே சொல்லாற் குறிக்கின்றனர். நம் சங்க நூல்களிலே பெயர்காணும் புலவர் யாவர்? கூலவாணிகர், அறுவைவாணிகர், மருத்துவர், கணியர், அரசர் எனப் பலதிறத்தார். வெண்ணிக் குயத்தியார் குயக்குலத்துப் பெண்பாற் புலவர். குறமகள் இளவெயினியார் மலைக்குடியிற் பிறந்தவர். ஈழத்துப் பூதந்தேவனார் ஈழத்தைப் பெயரிலே உடையவர். இவர்களினும் வியக்கத்தக்கவர் ஒருவர் உளர். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குக் கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பது பழைய குறிப்பு. ஆரிய அரசன் யாழ்ப்பிரமதத்தன் என்னும் பெயரிலே குறுந்தொகையில் ஒரு பாட்டும் உண்டு. தமிழ் அறியாதான் ஒருவனுக்குத் தமிழைக் கற்பிக்க முயன்றதும், வடபுலத்துப் பெயர் தாங்கியவன் பாட்டைத் தொகையிலே ஏற்றதும் சங்கத்தார் செயல். புலவரின் பாட்டைக் கேட்டனர்; பிறப்பைக் கேட்டிலர். அச்சங்கத்தின் பெயரைச் சூட்டிக்கொள்ளும் நாம் முதற்கேள்வியாய் ஊரைக் கேட்கின்றோம்.

சிங்களவர் மரபிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டிலே தொட்டகமுவைப் பிரிவேனாவில் சிங்களம், பாளி, சமக்கிருதம் என்பவற்றோடு தமிழும் பயிலப்பட்டமையைக் கிரா சந்தேசம் என்னும் கிளிவிடு தூது கூறுகின்றது. இன்றைய பல்கலைக்கழகங்களிலே தமிழைப் பயிலும் சிங்கள மாணாக்கர் தொகையையும், சிங்களத்தை விரும்பிப் பயிலும் தமிழ் மாணாக்கர் தொகையையும் எண்ணிப் பார்ப்போர் அப்பிரிவேனாவை நினைந்து நாணவே செய்வர்.

அயலாரோடு பழகினால் நம் தனித்தன்மை கெடும் என்று அஞ்சுவோர் பேராதனையின் நாடக வரலாற்றை நோக்குக. எதிரிவீர சரச்சந்திரர் தம் மாணாக்கரைக்கொண்டு 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே கொழும்பில் மனமே நாடகத்தை மேடையேற்றினார். அதற்கு அடியாய் அமைந்த சிங்கள நாடகம் என்னும் கூத்துவகையோ, தமிழ்க் கூத்திலிருந்து மேற்குக் கரையோரமாய்ப் பரவியது. அயல் மண்டபத்தின் இவ்வெற்றியைக் கண்ட சு. வித்தியானந்தன் நம் கூத்தின் அருமையைப் புதுக்கண்ணோடு நோக்கினார். 1962ஆம் ஆண்டிலே கர்ணன் போர், பின்னர் இராவணேசன் என அவர் மாணாக்கரைக்கொண்டு வழங்கிய நாடகங்கள், கிராமத்துக் களரியிலே ஒதுங்கிக் கிடந்த கூத்தைக் கற்றோர் அவைக்குக் கொணர்ந்தன. இராவணனாய் ஆடிய மாணாக்கர் சி. மௌனகுரு பிற்காலத்திலே பேராசிரியராகி அக்கலையை மேலும் வளர்த்தார். தமிழர் கொடுத்ததைச் சிங்களவர் போற்றினர். சிங்களவர் போற்றியதைக் கண்டு தமிழர் தம் செல்வத்தை மீளக் கண்டுகொண்டனர். இருசாராரும் ஒருவர் நாடகத்தை ஒருவர் பாராதிருந்தால் இஃது நிகழ்ந்திருக்குமோ?

இனிச் செய்யத்தக்கன யாவை? முதலாவது, புதுமுக மாணாக்கரைச் சங்கத்திற் சேர்க்கும் முறையை மாற்றுதல். பகிடிவதையே இன்று பல இடங்களிற் சேர்ப்புச் சடங்காய் நிற்கின்றது. தமிழ்ப் பிள்ளையைத் தமிழ் அண்ணன்மாரும் சிங்களப் பிள்ளையைச் சிங்கள அண்ணன்மாரும் வதைத்துத் தத்தம் கூட்டத்துக்கு உரியவராக்குகின்றனர். அதற்கு இணங்காதவன் விளையாட்டிலிருந்தும் சங்கங்களிலிருந்தும் ஒதுக்கப்படுகின்றான். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய பின்னரும் அது மாயவில்லை. இதற்கு மாற்றாக, முதல் வாரத்திலே எல்லாச் சங்கங்களும் ஒரே மண்டபத்தில் மும்மொழியிலும் தம் பணியை எடுத்துரைக்கட்டும். ஒரு மாதம் கழிந்த பின்னரே உறுப்புரிமை வழங்கப்படட்டும். அம்மாதத்தில் மாணாக்கர் தாமே கண்டு தெளிந்து சேர்வர்.

இரண்டாவது, பல்கலைக்கழகத்திற் பதிந்த எந்த மாணாக்கரும் உறுப்பினராகலாம் என்னும் விதியை ஒவ்வொரு சங்கமும் எழுத்திற் பொறித்தல். தமிழ்ச் சங்கத்து ஆண்டறிக்கையிலே வரவு செலவோடு, மலையகத்தார், முஸ்லிம்கள், தமிழ் கற்கும் சிங்களவர் ஆகியோருள் எத்துணையர் சேர்ந்தனர், எத்துணையர் பொறுப்பேற்றனர் என்னும் கணக்கும் இடம்பெறட்டும். இதே விதியும் இதே கணக்கும் சிங்களச் சங்கங்களுக்கும் உரியன. நாம் முதலிற் செய்துவிட்டு அவர்களைக் கேட்போமாயின் கேட்கும் குரலுக்கு வலிமை மிகும். மூன்றாவது, கிழமைக்கு ஒருமுறை தமிழ்ச் சங்கம் பிறர்க்குப் பேச்சுத்தமிழ் கற்பித்தலும், தன் உறுப்பினர்க்குச் சிங்களம் கற்பித்தலும். நான்காவது, விடுதி அறைகளை முதலாண்டிலே குலுக்கிப் பகிர்தல். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சிறுபான்மைப் பிள்ளை ஒன்றைத் தனியே ஒரு மாடியில் இட்டு ஒற்றுமையைச் சோதித்தல் கொடுமை. இருவர்க்கு இருவராய் இடுதலே முறை. பந்தலின் தேவை அங்கேயும் உண்டு.

சங்கங்களின் பெரும்பொருளாளராயும் காப்பாளராயும் அமரும் ஆசிரியர்க்கு இவற்றிலே பெரும்பொறுப்பு உண்டு. அலபாமாவிலும் அம்ஹேர்ஸ்டிலும் வாயிலை அடைத்தவர் இளைஞரல்லர் என்பதனை நாம் மறத்தலாகாது. கொழும்புப் பாடசாலைகள் பலவற்றில் தமிழ்ப் பிரிவும் சிங்களப் பிரிவும் ஒரே மதிலுக்குள் இயங்குகின்றன; ஆயினும் தமிழ் விழாவும் சிங்கள விழாவும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு அவையோர் முன்னே நிகழ்கின்றன. பதினெட்டு வயதுவரை அடுத்த வகுப்பறையை எட்டிப்பாராத பிள்ளை, பல்கலைக்கழகத்திலே திடீரென்று கதவைத் திறக்கும் என்று எதிர்பார்த்தல் பேதைமை. 1902ஆம் ஆண்டிலே தொடங்கிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனைக்கு அருகிலும், 1942ஆம் ஆண்டிலே எழுந்த கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலும் பெருநகரத்திலே தமிழுக்கும் சமயத்துக்கும் நிழல் தந்து நிற்கின்றன. அந்நிழலில் ஆண்டுக்கு ஒருநாள் இருமொழி மாணாக்கரும் கூடி ஒரே மேடையிலே கவியரங்கும் நாடகமும் நிகழ்த்த நம் ஆசிரியர் வழிசெய்தல் அரிதன்று. மண்டபம் உண்டு, மாணாக்கர் உண்டு, இருமொழியும் அறிந்த ஆசிரியர் சிலரும் உண்டு.

1983ஆம் ஆண்டின் கொடிய நாட்களிலே தமிழரைத் தம் வீட்டுக்குள் மறைத்துக் காத்த சிங்களவர் பலர். அவர்களுட் பெரும்பாலார் சட்டநூல் கற்றோ அரசியல் மேடையிற் பேசியோ அக்கடமையை உணர்ந்தவரல்லர். அயல்வீட்டாரை முன்னரே அறிந்திருந்தனர். அறிந்தவரை எரிக்க விட அவர்களுக்கு மனம் வரவில்லை. அவ்வறிமுகத்தை வளர்க்கத்தக்க காலம் மாணாக்கப் பருவம். வளர்க்கத்தக்க இடம் மாணாக்கர் சங்கம். வரும் கல்வியாண்டிலே புதுமுக மாணாக்கரை வரவேற்க நிற்கும் நம் தமிழ்ச் சங்கத்தார், எந்த ஊர் என்னும் வினாவை ஒருபால் வைத்து, எதனிலே விருப்பம் என்று கேட்டுத் தொடங்குவார்களாக.